கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்

விடியுமுன்னரே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் மலையேறிவிடுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளோ கல்வி தேடிக் கீழே இறங்குகிறார்கள். போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், 2012இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி கல்வி விளக்கேற்றி வருகிறது. காய் எடுத்த கூலியில் கட்டணம் கட்டும் பெற்றோர், பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள்; சாப்பிட்டாயா என்றும் கேட்கிறார்கள். இரவில் உறங்கினாயா என்று கேட்பவர் அரிது.

ஆங்கில வகுப்பில் ஒன்றும் விளங்காத திகைப்பு, விடுதித் தனிமை, வீட்டுக் கடனின் பாரம் ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒரு மாணவரை அழுத்தும்போது, நம் இல்லங்களில் முதலில் எழும் சொல் கண்ணேறு என்பதே. ஓதிப் பார்ப்பதை எவரும் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அதனோடு நின்று, மாதங்களைக் கடத்திவிடுவதே ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நம் சமுதாயம் மறந்துவிட இயலாது.

2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் முக்கியமானதோர் ஆணை பிறப்பித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் குறித்த வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றது நீதிமன்றம். அறையும் பெயர்ப்பலகையும் விரைவில் வந்துவிடக்கூடும். அந்த நாற்காலியில் அமர்பவர் யார் என்பதே நம் கவலை. நல்ல மனம் கொண்ட பேராசிரியர் எவரையேனும் கூடுதல் பொறுப்பாக அமர்த்தினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. கண் அறுவைக்கு அவ்வாறு யாரும் எண்ணுவதில்லை!

அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் உடனே தனித்து இயங்கிவிட முடிவதில்லை. கலிபோர்னியாவில் உரிமம் பெற 3,000 மணி நேரம் மேற்பார்வையில் பணியாற்றியிருக்க வேண்டும். ஆகவே பட்டத்திற்குப் பிந்திய ஓராண்டைப் பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை நிலையங்களில் பயிற்சியாளராகக் கழிப்போர் பலர். அவர் மாணவர்களைச் சந்திக்கிறார். வாரந்தோறும் மூத்தவர் ஒருவர் முன் அமர்ந்து, என்ன கேட்டோம், எதைத் தவறவிட்டோம் என்று விவாதிக்கிறார். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கான ஈராண்டு எம்.பில். படிப்பு நெடுங்காலமாக வழியாயிருந்தது. அவர்களின் நேரடிப் பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனையைச் சார்ந்ததே. கல்லூரியைச் சார்ந்த பயிற்சி அரிது.

இந்த வேறுபாடு சிறிதன்று. மருத்துவமனைக்கு வருபவர் நோயை ஒப்புக்கொண்டு வருகிறார். கல்லூரி மாணவரோ, வருகைப்பதிவு குறைந்தது பற்றிப் பேச வந்ததாகச் சொல்லிக்கொண்டு கதவருகில் நிற்பார். தேர்வு வருத்தத்தையும் மனச்சோர்வு நோயையும் பிரித்தறிய வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்றும் வினவ வேண்டும். அடிக்கடி மருந்து தெளிக்கப்படும் ஏலமலையில் இது வெறும் கேள்வியன்று. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகளின் பூச்சிமருந்தைப் பொதுவிடத்தில் பூட்டிவைக்கும் முறையை டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்து, அதன் முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். 1986இல் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவியவர் அவரே.

மலைப்பகுதி மாணவரின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். ஏலக்காயின் விலை சரிந்தால் அவ்வீட்டில் என்ன நேரும் என்பதும் ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பெருநகரில் கற்க இயலாது. எனவே உளவியல் முதுநிலை மாணவர்களையும் முனைவர்களையும் ஓராண்டேனும் போடி, உத்தமபாளையம் போன்ற ஊர்க் கல்லூரிகளில், தக்க மூத்தவரின் மேற்பார்வையுடன் பணியமர்த்தப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். மேற்பார்வையின்றி அனுப்புவதாயின், அனுப்பாதிருப்பதே மேல்.

பெண்மக்களைப் பெற்றோருக்கு இன்னொரு அச்சமும் உண்டு: செய்தி வெளியே பரவினால் சம்பந்தம் நின்றுவிடுமே என்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் இரகசியத்தைக் காக்கும் கடமையை விதித்துள்ளது. பிறருக்கோ அவருக்கோ ஆபத்து நேரும் நிலை போன்றவையே விலக்கு. அடுத்த முறை கல்லூரியில் சேர்க்கச் செல்லும்போது, விடுதிக் கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: ஆலோசகர் எங்கே பயிற்சி பெற்றார்? அவரை மேற்பார்வையிடுபவர் யார்? அவர் இல்லாத நாளில் பிள்ளை யாரிடம் செல்வது? இரவில் அவசரம் நேர்ந்தால் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அச்சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.