அரியலூர் கடலைப் படித்தவர் லடாக்கில் உறங்குகிறார்: யார் இந்த ஸ்டோலிச்கா?

அரியலூரில் கடல் கிடையாது. கடல் பார்க்கணும்னா கடலூருக்கோ பூம்புகாருக்கோ மணிக்கணக்கில் பஸ்ஸில் போகணும். ஆனால், பெரம்பலூர் மாவட்டம் கொளக்காநத்தம் பக்கம் போய், காரை கிராமத்துக்கு வெளியே மழை அரித்துப் போட்டிருக்கும் அந்த வெற்று மேடுகளில் ஏறி நின்று காலடியைப் பாருங்க. சீவிய பென்சில் முனை மாதிரி கூரான, பழுப்பு நிறக் கல் குச்சிகள் சிதறிக் கிடக்கும். பெலம்னைட் என்பார்கள். நாம் சாப்பிடுகிற கணவாய்க்கு தூரத்து உறவான ஒரு கடல் உயிரியின் உடலுக்குள் இருந்த பகுதி அது. வயது சுமார் 10 கோடி ஆண்டு.

அதாவது, நீங்க நிற்பது கடலடியில்.

இந்தச் சேதி பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் ஏரி வேலையில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது, ‘பெரம்பலூரில் டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் பறந்தது நினைவிருக்கலாம். நிபுணர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த கடல் படிவங்கள் என்றார்கள். உடனே சுவாரசியம் போய்விட்டது. டைனோசர் இல்லையா, அப்போ சரி, அடுத்த ஃபார்வர்டு.

எனக்கு அங்கேதான் வருத்தம். அந்தக் கடல் உயிர்கள்தான் நம் ஊரின் உண்மையான செய்தி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வரைந்து, பெயர் வைத்து, உலகத்துக்கு அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அரியலூரில் நீங்க கேட்டால் பத்தில் ஒருவருக்குக்கூட அவரைத் தெரிந்திருக்காது.

மேசையில் விரித்த கடல்

1838-இல் மொராவியாவில், இன்றைய செக் குடியரசில், பிறந்தவர். அப்பா வனக் காவலர். காட்டுக்குள் வளர்ந்த பையன் வியன்னாவில் புவியியல் படித்தார். 1862-இல், 24 வயதில், கல்கத்தாவில் இருந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் வருவதற்கு முன்பே நம் ஊர்க் கற்கள் ஊர்சுற்றத் தொடங்கிவிட்டன. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் பொறுக்கிய புதைபடிவங்களை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற ஆய்வாளர் 1846-இல் விவரித்தார். அவர் ஒரு வேடிக்கை செய்தார். அம்மோனைட்டுகளுக்கு இந்திரா, விஷ்ணு, பிரம்மா என்று நம் சாமிப் பெயர்களாகச் சூட்டிவிட்டார். வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் பார்த்திருப்பீங்க. அதுவும் இமயமலைப் பக்கத்து அம்மோனைட்தான். அவருக்கு அது தெரிந்து வைத்தாரோ என்னவோ, பெயர்கள் பொருத்தமாகவே அமைந்துவிட்டன.

பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டும் அவருடைய குழுவும் இந்தப் பகுதியை நடந்தே அளந்தார்கள். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-இல் அறிக்கை வந்தது. அந்தப் பிரிவினை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் குவிந்த சிப்பிகளும் நத்தைகளும் பவளங்களும் இப்போது புதிதாக வந்த இளைஞனின் மேசைக்கு வந்தன.

அடுத்த பத்து ஆண்டுகளில் ஸ்டோலிச்கா செய்தது என்ன? தென்னிந்தியாவின் கிரட்டேசியக் காலக் கடல் உயிர்கள் பற்றி நான்கு பெரிய தொகுதிகள். அம்மோனைட்டுகள் தனி, நத்தைகள் தனி, இரட்டை ஓட்டுச் சிப்பிகள் தனி, பவளமும் கடல் முள்ளெலியும் மற்றவையும் தனி. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முழுப்பக்கப் படத் தட்டுகள். 1873-இல் வேலை முடிந்தது. கடலுக்குள் குதிக்காமல், கப்பலில் போகாமல், ஒரு முழுக் கடலையே மேசையில் விரித்து ஆராய்ந்த மனுஷன் என்று அவரைச் சொல்லலாம். அந்தக் கடல் 7 கோடி ஆண்டுக்கு முன்பே வற்றத் தொடங்கியது என்பதுதான் வித்தியாசம்.

அவர் வைத்த பெயர்களில் ஒன்று ‘அரியலூரென்சிஸ்’. அரியலூரைச் சேர்ந்தது என்று பொருள். இன்னொன்று ‘காளிகா’, ஃபோர்ப்ஸ் தொடங்கிய வழக்கத்தை இவரும் விடவில்லை.

சரி, ஒரு கல்லுக்குப் பெயர் வைப்பதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கணும். ஓர் உயிரினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்த மாதிரியைக் கையில் வைத்திருந்தார்களோ, அதுதான் அந்தப் பெயருக்கு ஆதாரம். நிலப் பத்திரத்துக்கு மூலப்பத்திரம் மாதிரி. இந்திரா அம்மோனைட்டின் இனம் தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் மேற்குக் கடற்கரையிலும் கிடைக்கிறது. அங்கே ஓர் ஆய்வாளர் கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு ‘இது இந்திராவா?’ என்று யோசித்தால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலம் தமிழ் மண்ணில் எடுத்தது. அதே மாதிரிதான் ஸ்டோலிச்காவின் பெயர்களும். அவருடைய மூல மாதிரிகள் இன்றும் கொல்கத்தாவில், புவியியல் ஆய்வுத் துறையிடம் இருக்கின்றன. கல் கொல்கத்தாவில் பத்திரம். அது வந்த இடம்?

அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் பறவைகள்.

வேலை கல், ஆசை பறவை

சம்பளம் கல்லுக்கு. மனசு பறவைகளிடம். ஸ்டோலிச்கா போன இடமெல்லாம் பறவை சேகரித்தார், குறிப்பெடுத்தார். 1864, 1865-இல் ஸ்பிட்டி, லடாக் பகுதிகளில் பாறை ஆய்வுக்குப் போனவர், சட்லெஜ் பள்ளத்தாக்குப் பறவைகள் பற்றிக் கட்டுரையோடு திரும்பினார். கட்ச் பகுதிக்குப் போனார். அங்கிருந்தும் பறவைக் குறிப்பு. வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்தில் வாழும் ஒரு சின்னப் பறவைக்கு இன்றும் ஸ்டோலிச்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1873 மார்ச்சில் ஒரு கடற்பயணம். இந்தியப் பறவையியலின் முன்னோடி, பின்னாளில் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அந்தமான் நிகோபார் தீவுகளின் பறவைகளைப் பதிவு செய்யக் கிளம்பினார். கூடப் போனவர்களில் ஸ்டோலிச்காவும் ஒருவர். வங்கக் கடலில் தீவு தீவாகப் போனார்கள். நார்கொண்டம் என்ற குட்டித் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சியை ஹியூம் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது அந்த ஆண்டுதான். வற்றிப்போன கடலில் பத்து வருஷம் செலவழித்தவருக்கு, உயிரோடு அலையடிக்கும் கடலும் அதன் தீவுப் பறவைகளும் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவர் அதைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு, பிரிட்டிஷ் அரசு யார்க்கண்டுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். லே, காரகோரம், காஷ்கர், பாமீர். போன வழியெல்லாம் கல்லும் பறவையும் சேகரித்தார். திரும்பும் வழியில், சுமார் 5,500 மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாயைத் தாண்டிய பிறகு, லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் 1874 ஜூன் 19 அன்று இறந்தார். தலைவலி, மூச்சுத் திணறல் என்று வரும் மலை உயர நோய்தான் காரணம் என்று இன்று பலரும் கருதுகிறார்கள். வயது 36. லேயில் புதைத்தார்கள். அங்கே அவருக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பைக்கில் லடாக் போகிற நம் பசங்க அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

குளிர்காலத்தில் அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வரும். லடாக், திபெத் போன்ற உயர்நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே பறப்பது கருவி பொருத்திப் பார்த்து பதிவாகியிருக்கிறது. மனுஷனுக்கு மூச்சு முட்டுகிற உயரத்தை இறக்கையடித்தே கடக்கும். 1999-இல் சரணாலயமான கரைவெட்டி, 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 454 ஹெக்டேர். ஏரிக்கு, பறவைக்கு, சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. சந்தோஷம். அதே மாவட்டத்தின் பழைய கடலுக்கு இன்னும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

கரைந்துபோன எலும்பு

இழப்பு எப்படி இருக்கும் என்று தெரியணும்னா கல்லமேடு கதையைக் கேளுங்க. அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். பெருத்த உடல் கொண்டது என்று பொருள். கால் எலும்பு ஒன்று மட்டும் சுமார் 2 மீட்டர். உலகில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ‘இருந்திருக்கலாம்’ என்றுதான் சொல்ல முடியும். ஏன்னா அந்த எலும்புகள் இப்போது இல்லை. மண்ணிலிருந்து எடுத்தவை சிதைந்து பொடியாகிப் போயின. 2022-இல் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து வெளியிட்டு விவாதிக்க வேண்டிய நிலை.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளம், கடலுக்கு அடித்து வரப்பட்டுக் கல்லான மரம். 1940-இல் கண்டுபிடித்தவர் தஞ்சாவூர்க்காரரான எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர். வேலி போட்டு, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று பலகை வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். மரம் இருக்கிறது.

இனி அந்தப் பெரிய விஷயம்: சிமெண்ட். கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் பாறை என்பது பெரும்பாலும் அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகள்தான். ஸ்டோலிச்கா படம் வரைந்த சிப்பிக் குடும்பங்கள் இன்று சிமெண்ட் மூட்டையில் போகின்றன. உங்க அபார்ட்மெண்ட் சுவரிலும் இருக்கலாம். சுரங்கமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அரியலூரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அந்த லாரிகளால். தவிர, இன்னொரு உண்மையும் உண்டு. குவாரி வெட்டியதால்தான் பல பாறை அடுக்குகள் வெளியே தெரிந்தன. இல்லையென்றால் சமவெளியில் சோளக்கொல்லைக்கு அடியில் அவை கிடந்திருக்கும். எந்த ஆய்வாளரும் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். சுரங்கம் முடிந்தபின் மூடுவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் அரசிடம் திட்டம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பொதுவாக மண் போட்டு நிரப்புவது, மரம் நடுவது, தண்ணீர் தேக்குவது என்று எழுதுவார்கள். அதில் ஒரு வரி சேரட்டும்: பாறை அடுக்குகள் தெளிவாகத் தெரியும் ஒரு பக்கச் சுவரை மூடாமல், தண்ணீரில் மூழ்காமல், மாணவர்கள் பாதுகாப்பாக நின்று பார்க்கும்படி விட்டுவைக்கணும். ஒரே ஒரு சுவர். அதற்கு நிறைய செலவாகாது.

காரை மேடு மாதிரி திறந்தவெளி இடங்கள் வேறு கதை. அங்கே லாரி அளவுக்கு நாமும் ஆபத்து. வீக்எண்டில் போகிறவர்கள் ஆளுக்கு நாலு பெலம்னைட்டைப் பாக்கெட்டில் போட்டு வந்து, ரீல்ஸ் போட்டுவிட்டு, மேசை டிராயரில் மறந்துவிடுகிறார்கள். எடுத்த இடம் தெரியாத கல்லுக்கு ஆய்வில் மதிப்பே கிடையாது. மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்க ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. சட்டம் வந்து காப்பாற்றட்டும் என்று உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு மழையும் ஒரு கல்லமேடு.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. போயிருக்கீங்களா? நல்ல முயற்சி. அங்கே ஸ்டோலிச்காவுக்கு ஒரு சுவர் ஒதுக்கணும். சிலை வேண்டாம், தயவுசெய்து. கொல்கத்தாவில் உள்ள மூல மாதிரிகளின் அச்சு வார்ப்புகளை வாங்கி வைத்தால் போதும். அரியலூர் பெயர் தாங்கிய அம்மோனைட்டை அரியலூர்ப் பிள்ளைகள் பார்க்க ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டியிருக்கக் கூடாது.

அவருடைய நான்கு தொகுதிகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்து பாருங்க. ஒவ்வொரு உயிரினத்தின் விவரத்துக்கும் கீழே எந்த ஊரில் எடுத்தது என்று எழுதியிருப்பார். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்: ஓதியம், மரவத்தூர், ஆனைப்பாடி, காரைப்பாடி. வெள்ளைக்காரன் எழுத்தை நம்ம ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்ல உள்ளூர்க்காரரால்தான் முடியும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு கல்லூரி வகுப்பு ஒரு பருவம் உட்கார்ந்தால், 150 ஆண்டு பழைய அந்தப் பட்டியலை இன்றைய கூகுள் மேப்பில் புள்ளி புள்ளியாக வைத்துவிடலாம். எந்தப் புள்ளியில் இப்போது குவாரி, எதில் கல்யாண மண்டபம், எதில் இன்னும் முள்ளுக்காடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும்.