திருகாணியும் தமிழும்

2022இல் எரிபொருள் அருகியபோது, துவிச்சக்கர வண்டியின் அருமையை இலங்கை மீண்டும் உணர்ந்தது. இன்றோ இணையத்தின் வழியே உறுப்புகளைத் தருவித்து, காபன் இழை வண்டியொன்றை வீட்டிலேயே பூட்டலாம். எம் கொத்மலைத் தோட்டத்து இளைஞர்க்கும் அஃது இயலும். யான் இதனை வரவேற்கின்றேன், கைவினையும் கல்வியே.

ஆயினும் ஒரு கவலை உண்டு. காபன் இழை எடை குறைந்தது, இழுவைக்கு வலியது, அளவிறந்து நெரித்தாற் பிளப்பது. இரும்பு வளைந்து எச்சரிக்கும். இஃதோ உள்ளே வெடித்தும் வெளியே வாளாவிருக்கும். ஆதலின், கைபிடியைப் பற்றும் திருகாணிக்குப் பெரும்பாலும் 5 நியூற்றன் மீற்றர் அளவில் வரம்பு விதிப்பர். அவ்விதியோ ஆங்கிலத்தில் உளது. அதனை உணராது இறுக்கியவன் மலைச் சரிவில் இறங்கின் யாது நேரும்?

திருகுதல், முறுக்குதல், இறுக்குதல் ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைத் தமிழாசிரியர் அறிவர். நியூற்றன் மீற்றரை விஞ்ஞான ஆசிரியர் தமிழிலேயே கற்பிக்கின்றார். இருவரும் கூடி இரண்டு பக்க வழிகாட்டி ஒன்று எழுதுதல் அரிதோ? இலக்கண நயம் பேசும் தமிழ், உயிர் காக்கும் தமிழாகவும் விளங்குதல் வேண்டும்.