பெட்டி வந்தது, ஆசிரியர் எங்கே?

வகுப்பறைச் சுவரில் தொடுதிரை மாட்டிவிட்டால் கல்வி வளர்ந்துவிட்டதாக முழங்குகிறார்கள். நாடா வெட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திரை எந்த மொழியில் பாடம் சொல்லும் என்று கேட்டால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ்வழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

1975 ஆகஸ்டில் அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில், ஏறத்தாழ 2,400 கிராமங்களில் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடத்தினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என நான்கு மொழிகளில் நிகழ்ச்சி. பிள்ளைக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டும் என்ற அறிவு அன்றைக்கே இருந்தது! ஓராண்டில் இரவல் கோள் திரும்பிப் போயிற்று. அந்த அறிவுமா கூடவே போக வேண்டும்?

நாம் எந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. நிகராகுவாவில் 1970களில் வெறும் வானொலியை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வானொலி ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுச் சற்று நிற்கும். பிள்ளைகள் வாய்விட்டு விடை சொல்வார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். ஒலிபரப்பு முடிந்ததும் ஆசிரியர் தொடர்ந்து பயிற்சி தருவார். அந்த வகுப்புப் பிள்ளைகள் தேர்வில் மற்றவர்களை விஞ்சினார்கள். பெரு நாட்டிலோ பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று வாரி வழங்கினார்கள். 319 நாட்டுப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றத்துக்குச் சான்றில்லை என்று கைவிரித்தது. மலிவான வானொலி பிள்ளைக்காகக் காத்து நின்றது, ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டது. விலையுயர்ந்த கணினி கைக்கு வந்ததே தவிர, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பது ஆசிரியருக்குச் சரிவரப் போய்ச் சேரவில்லை.

தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியைப் போட்டுக் காட்டலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். 2019இல் தொடங்கிய நல்ல முயற்சிதான். ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். மராட்டியப் பாடத்திட்டத்தில் சிவாஜி வரலாறு படிக்கிற தாராவிப் பிள்ளை அதை வைத்துத் தேர்வு எழுத முடியுமா?

2020இல் பள்ளிகளை மூடிவிட்டு, கைபேசியில் படி என்றார்கள். நாட்டில் 100 குடும்பங்களில் 24க்குத்தான் இணைய வசதி உண்டு என்பதை 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் அரசே எண்ணி வைத்திருந்தது. எண்ணியவர்களுக்கே தெரியாதா என்ன? ஒற்றை அறைக் குடித்தனத்தில் இருந்த ஒரே கைபேசியும், ஊரடங்கு தளர்ந்ததும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது.

காலிப் பணியிடத்தை நிரப்பாமல், அந்த இடத்தில் ஒரு திரையை நிறுத்துவதைக் கல்விச் சீர்திருத்தம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உள்ளாட்சிப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் நம்மவர் உட்கார்ந்தே ஆகவேண்டும். அரைநாள் கூலி போனாலும் கூட்டத்துக்குப் போங்கள். திரை வாங்கும் தீர்மானம் வந்தால், தமிழில் பாடம் உண்டா, அது இந்த மாநிலப் பாடந்தானா, ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி, பழுதானால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.