வாதரக்தமும் வயற்பயறும்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, மண்ணின் ஈரத்தை நம்பி உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது நம் காவிரிப் பாசனப் பகுதியின் வழக்கம். இவ்விதம் தம் நிலத்திலேயே விளையும் பயற்றை, வாதரக்தம் கண்ட மிராசுதார்களிற் சிலர் அறவே விலக்கி, மூட்டை மிச்சமின்றி விற்றுவிடுகின்றனர். கீரையையும் தள்ளிவிடுகின்றனர். ஆனால் ஆட்டு ஈரலும் நெத்திலிக் கருவாடும் மதுவும் தடையின்றி நடைபெறுகின்றன. இது தலைகீழான பத்தியம் என்பது எமது அபிப்பிராயம்.

இந்நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848ஆம் வருஷத்தில் லண்டன் வைத்தியரான காரட் என்பவர் காட்டினார். பியூரின் என்னும் பொருள் உடலிற் சிதைவதால் இவ்வமிலம் உண்டாகின்றது. சிறுநீரகம் அதனைப் போதிய அளவு வெளியேற்றாவிடில், அது ஊசி போன்ற பளிங்குகளாய் மூட்டுகளில், பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில், படிந்து தாங்கொணா வலி தருகின்றது.

பயற்றிலும் பியூரின் உண்டென்பது மெய்யே. அச்சம் பிறந்ததும் அதனாலேயே. எனினும் 2004இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில் 47,150 ஆடவரைப் பன்னிரண்டு வருஷம் கவனித்ததில், மாமிசமும் மீனும் மிகுதியாய் உண்டோருக்கு இந்நோய் அதிகமாகவும், பால்வகை உண்டோருக்குக் குறைவாகவும் கண்டது. பியூரின் மிக்க காய்கறி, பயறு வகைகளால் நோய் அதிகப்படவில்லை.

ஆகவே நோயாளர் விலக்க வேண்டியவை மது, ஈரல் முதலிய உள்ளுறுப்பு மாமிசம், மத்தி, நெத்திலி, சர்க்கரை மிக்க பானங்கள் ஆகியனவே. மது அமிலத்தைப் பெருக்குவதோடு அது வெளியேறுவதையும் தடுக்கின்றது. பருப்புச் சாம்பாரும் கீரை மசியலும் வெண்ணெய் எடுத்த மோரும் தாராளமாய்க் கொள்ளலாம். கோடையில் வயலில் நிற்போர் அடிக்கடி நீர் பருகுதல் நலம். முழுப்பட்டினி அமிலத்தை ஏற்றுமாதலால் அது கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மட்டும் பயற்றின் அளவை டாக்டரிடம் கேட்டறிக.

பத்தியம் ஒன்றே போதுமென்று எண்ணுதலும் தவறு. உணவு மாற்றத்தால் அமிலம் சிறிதளவே குறையும். நோய் அடிக்கடி வருவோர் இரத்தத்தைச் சோதித்து, அமிலம் நூறு மில்லிலிட்டரில் 6 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கும்படி, டாக்டர் கொடுக்கும் அலோபியூரினால் போன்ற மருந்தை இடைவிடாது உட்கொள்ள வேண்டும்.

வீட்டுத் தலைவர் ஒருவரின் கால்வலிக்காகப் பயறு முழுதும் விலையானால், குழந்தைகளும் பெண்டிரும் புரதச்சத்தின்றி வெறுஞ்சோறு உண்ண நேரிடும். வருஷச் செலவுக்கு வேண்டிய பயற்றைக் குதிரில் நிறுத்திக்கொண்டு மிஞ்சியதை விற்பதே விவேகம். கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.