ஒட்டுப் போடாதே என்றேன்



இங்கிலாந்தில் என் மகன் ஆசையாக வைத்திருக்கும் 1970-ம் ஆண்டு லோட்டஸ் எலான் காரில், முன்பக்க சஸ்பென்ஷன் மாட்டும் இடம் துருப்பிடித்துக் கிழிந்துவிட்டது. வெளியே ஃபைபர் கிளாஸ் பாடி இன்னும் பளபளக்கிறது. ஆனால் பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டு சேஸிஸ்தான். மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் வைத்தால் போதும் என்றாராம் ஒர்க்‌ஷாப்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துருத் தின்ற தகட்டில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் பக்கத்திலேயே கிழியும். இந்த வண்டிக்குத் துத்தநாகம் பூசிய புது சேஸிஸே கிடைக்கிறது. பாடியைக் கழற்றித் தூக்கிவிட்டு மாற்றலாம். செலவுதான் (என் பென்ஷன் தாங்காது!). "ஒரிஜினல் போயிடுமேப்பா" என்கிறான். போகட்டும். மாற்றும் வரை பேத்தியை அதில் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.