கோட்டைக்கு ஒரு நாள் போதும்

பயணம் செய்யப் பணம் வேண்டும். பயணத்திட்டம் தீட்டப் பணம் வேண்டியதில்லை! நம் கல்லூரி நூலகத்தில் நிலப்படத்தை விரித்துவைத்து நானும் ஒரு திட்டம் தீட்டினேன். செல்லுமிடம் பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ். காலம் மூன்று நாள். நோக்கம் அந்நாட்டின் மரபையும் பண்பாட்டையும் காண்பது.

சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் கோட்டைகளே முன்னிற்கின்றன. வட வேல்சிலுள்ள கான்வி, கர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கும் 1986-இல் உலக மரபுச் சின்னங்களாயின. அவற்றின் அழகை மறுப்பார் யார்? ஆனால் தோழர்களே, அவற்றைக் கட்டியவன் யார்? வேல்சை வென்ற ஆங்கில மன்னன் முதலாம் எட்வர்டு! வென்றவன் காவலுக்கு எழுப்பிய மதிலை மட்டும் பார்த்துத் திரும்பினால், தோற்ற மக்களின் பண்பாட்டைக் கண்டதாகுமா? ஆகவே கோட்டைக்கு ஒரு நாள் போதும் என்பதே என் கருத்து. முதல் நாளைக் கான்விக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் அதே இருப்புப்பாதையில் பாங்கர் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1884-இல் சிறு கல்லூரியாகத் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் உழவர்களும் சிலேட்டுக் குவாரித் தொழிலாளர்களும் இருந்தனர். மலையில் கல் பிளந்தவர்கள் வாரக் கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்துக் கல்லூரி எழுப்பினார்கள்! என் தந்தையும் கல் உடைப்பவர்தாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கட்டடம் எனக்குக் கோட்டையைவிட உயரமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அந்தச் சிலேட்டு மலைகளும் 2021-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. மன்னன் கோட்டைக்குக் கிடைத்த சிறப்பு தொழிலாளியின் மலைக்கு வந்துசேர மேலும் 35 ஆண்டுகள் ஆயின.

மூன்றாம் நாள் தெற்கே ட்ராஸ்வனித் என்னும் சிற்றூர். ஹெத் வின் என்ற புனைபெயரில் எழுதிய உழவர் மகனின் வீடு அங்கே இருக்கிறது. 1917-இல் ஐஸ்டெத்வாட் என்னும் தேசியக் கலைவிழாவில் தலைசிறந்த கவிஞருக்குரிய நாற்காலி அவருக்குக் கிடைத்தது. பெயர் சொல்லி அழைத்தார்கள், எழுந்துவர ஆளில்லை. அவர் ஜூலை 31 அன்றே போர்க்களத்தில் மாண்டிருந்தார். வெற்று நாற்காலிமேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த நாற்காலியை இன்றும் அவ்வீட்டில் காணலாம்.

அங்கிருந்து பாலா என்னும் ஊருக்குச் செல்லும் சாலையோரம் ஒரு நீர்த்தேக்கம். வேல்ஸ் மொழி பேசிய கேப்பல் கெலின் என்ற கிராமம் அதனடியில் கிடக்கிறது. லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக 1965-இல் அது மூழ்கடிக்கப்பட்டது. பள்ளி, தேவாலயம், அஞ்சலகம் யாவும் போயின. அதற்கான 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தை வேல்சின் 36 நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவரும் ஆதரித்து வாக்களிக்கவில்லை. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005-இல்தான். இவ்வளவும் அறியாமல், 'எவ்வளவு அழகிய ஏரி!' என்று படம் பிடித்துக்கொண்டு திரும்பலாமா?

இத்தனைக்குப் பின்னும் அம்மொழி வாழ்கிறது. 2011-இல் சட்டம் அதற்கு ஆட்சிமொழித் தகுதி தந்தது. 2021 கணக்கெடுப்பின்படி வேல்சில் அதைப் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர்.

தோழர்களே! எந்த நாட்டுக்குச் செல்ல நேர்ந்தாலும் திட்டம் தீட்டுமுன் கேளுங்கள்: இதைக் கட்டியவர் யார்? இங்கே வாழ்ந்தவர் யார்? எனக்குப் பயணச்சீட்டு என்று கிடைக்குமோ, அறியேன். கேள்விகள் மட்டும் இப்போதே கைவசம் இருக்கின்றன.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்