வானவழியே வேலைக்குப் போவோர்

உத்தியோகம் ஓரூரிலும் குடும்பம் வேறோரூரிலுமாக வாழ்வது நம்மவர்க்குப் புதிதன்று. கொழும்புக் கந்தோர்களிற் கடமை பார்த்து, விடுமுறை கிடைத்ததும் இரவுத் தபால் வண்டியேறி யாழ்ப்பாணம் போய்வந்த தலைமுறையினரை நாம் அறிவோம். நித்திரை விழித்த களைப்பில் அவர்கள் தவறிழைத்தால் கோப்பிலே ஒரு பிழை நேரும், அவ்வளவே. ஆயின் ஆகாயவிமானத்தைச் செலுத்துபவரே அவ்வாறு இரவெல்லாம் பயணஞ் செய்து வந்து கடமையேற்றால் யாது நேரும்? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இவ்வினாவையே.

அமெரிக்க விமானக் கம்பெனிகள் தம் விமானிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு விமான நிலையத்தைத் தளமாகக் குறித்துக் கொடுக்கின்றன. கடமை தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். ஆனால் விமானி அவ்வூரிலேயே குடியிருக்க வேண்டுமென்பதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு, கடமை நாள் நெருங்கியதும் பிறர் செலுத்தும் விமானத்திற் பயணியாக ஏறித் தளத்துக்கு வருவோர் பலர். ஆசனம் ஒழிந்திருந்தால் அதில் இடங் கிடைக்கும். இல்லையேல், விமானிகளின் முதுகுப்புறத்தே உள்ள மடிப்பு ஆசனத்தில் அமர்ந்து வரலாம். ஒரு கம்பெனியின் விமானிக்கு மற்றொரு கம்பெனி இவ்வுபகாரத்தைச் செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். அதுவும் கிடையாதாயின் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே.

முன்னரே வந்து சேர்பவர்கள் தங்குவதற்கு விமான நிலையத்தின் அயலிற் பலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில்கள் போட்டு வைத்திருப்பர். நியூ யோர்க் நகரின் கியூ கார்டன்ஸ் பகுதியில் இத்தகைய வீடுகள் மிகுந்தமையால் அதற்குக் 'குரூ கார்டன்ஸ்' என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடம் ஒன்றில், வீடுபோல் அமைந்த வண்டிகளிலே விமான ஊழியர்கள் குடியிருந்த செய்தி 2009ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளிவந்தது.

தளத்துக்கே குடிபெயர்ந்தால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். விமானியின் சம்பளமும், ஓட்டும் விமானமும், விடுமுறையும், தளமும் பெரும்பாலும் சேவை மூப்பைப் பொறுத்தவை. வேறு கம்பெனிக்கு மாறினால் மூப்பு வரிசையிற் கடைசியில் நின்று மீண்டும் தொடங்கவேண்டும். ஆகவே கம்பெனியை விட்டு விலகவும் மனம் வராது. அக்கம்பெனியோ தன் இலாப நட்டத்தை நோக்கி ஒரு தளத்தை மூடும், வேறொன்றைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் வீட்டை விற்று, பிள்ளைகளின் பாடசாலையை மாற்றி, மனைவியின் உத்தியோகத்தையும் விடுவித்துக் கொண்டு போக எவரால் இயலும்?

இவ்வழக்கத்தின் மறுபக்கத்தை உலகுக்குக் காட்டியது 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி நிகழ்ந்த விபத்து. கொல்கன் எயார் கம்பெனியின் விமானமொன்று நியூவார்க் நகரிலிருந்து பஃபலோ நோக்கிச் சென்றது. அதன் தலைமை விமானியின் வீடு புளோரிடாவில். முதல்நாளிரவை அவர் நியூவார்க் நிலையத்தில் ஊழியர் இளைப்பாறும் அறையிற் கழித்தார். அங்கே இராத்தங்கக் கூடாதென்பது கம்பெனியின் விதி. துணை விமானி இருபத்துநான்கு வயதுப் பெண். ஏறத்தாழ 2400 மைலுக்கு அப்பாலுள்ள சியாட்டில் நகரிலிருந்து முதல்நாள் மாலை புறப்பட்டு, மெம்பிஸ் நகரில் விமானம் மாறி, பொதி ஏற்றும் விமானங்களிலே இரவு முழுவதும் பயணஞ் செய்து, காலை ஆறு மணிக்குப் பின் நியூவார்க் வந்து சேர்ந்தார். அவருக்குத் தடிமனும் பிடித்திருந்தது. வீட்டில் இருக்கையில் இப்படியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும், இங்கு வந்தபின் சுகவீன விடுப்புக் கேட்டால் சுகமாகும்வரை தன் செலவில் ஹோட்டலில் தங்க நேருமென்றும் அவர் தலைமை விமானியிடம் கூறியது விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியிற் பதிவாகியுள்ளது.

இரவு பத்து மணி கழிந்து விமானம் பஃபலோவை அணுகுகையில் அதன் வேகம் குறைந்தது. செலுத்துகோல் அதிர்ந்து எச்சரித்தது. அப்போது முகப்பைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதே முறை. தலைமை விமானியோ கோலைத் தம்பக்கம் இழுத்தார். விமானம் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. அதிலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவருமாக 50 உயிர்கள் மாண்டன.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரணை செய்து, தலைமை விமானியின் அப்பிழையான செயலையே காரணமாகக் கண்டது. இருவரும் களைத்திருந்திருக்கலாம், ஆயின் களைப்பு எவ்வளவுக்கு விபத்துக்கு ஏதுவாயிற்று என்று அறுதியிட முடியாதென்றது. சபையின் தலைவியோ களைப்பையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டுமெனத் தம் கருத்தைத் தனியே பதிவு செய்தார். நியூவார்க்கைத் தளமாகக் கொண்ட அக்கம்பெனியின் விமானிகளுள் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள் என்றும், அவர்களுள் 29 பேரின் வீடுகள் 1000 மைலுக்கு அப்பால் இருந்தன என்றும் விசாரணையில் வெளியாயிற்று.

2014ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, பயணிகள் விமானத்தைச் செலுத்துவோருக்குக் கடமைக்கு முன் 10 மணிநேர ஓய்வு வேண்டும். பறப்பதற்குத் தாம் தகுதியுடைய நிலையில் இருப்பதாக அவர்கள் உறுதிகூறவும் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணத்தை அவ்விதிகள் கடமை நேரத்துள் அடக்கவில்லை. அதற்கு வரம்பு கட்டப் போதிய சான்று இல்லையென 2011இல் அறிஞர் குழுவொன்றும் கூறியிருந்தது.

அக்கூற்றிலும் நியாயம் உண்டு. தளத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் இரவெல்லாம் கண் விழித்தவர் களைத்தவரே. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து முதல்நாளே வந்து நன்றாக உறங்கியவர் தெளிந்தவரே. ஆகவே மைலை அளந்து தடைவிதிப்பதிற் பயனில்லை. படுக்கை உண்டா என்று பார்ப்பதே தக்கது. வெளியூரில் இரவு தங்க நேர்ந்தால் கம்பெனி விமானிக்கு ஹோட்டல் அறை கொடுக்கும். தளத்திலே பொதுவாகக் கொடாது. தளம் அவருடைய வீட்டுக்குச் சமமெனக் கணக்கேடு கருதுகிறது. அங்கே வீடு இல்லாதவர் பலரென்பதைக் கணக்கேடு அறியாவிட்டாலும் கம்பெனி அறியும்.

நூறு பேரின் உயிரைத் தாங்குபவரின் நித்திரை அவருடைய சொந்த விஷயம் மட்டுமன்று. உறங்காமல் வருவது விமானியின் பிழையே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் உறங்க இடமும், சுகமில்லை என்று கூசாமற் சொல்லும் வாய்ப்பும் கொடாத கம்பெனிக்கும் அப்பிழையிற் பங்குண்டு. தளத்திலே ஒரு கட்டிலுக்கும் சில நாள் அறை வாடகைக்கும் ஆகும் செலவு பிரயாணச் சீட்டின் விலையிற் சிறிது கூடுமாயின், அதனைக் கொடுக்க முணுமுணுக்காதிருப்பது பயணிகளாகிய நமது கடன்.